பையர் பேச்சில் வரும் ஆங்கில மரபுத்தொடர்கள்: எதைப் புரிந்துகொள்ள வேண்டும், எதைப் பேச வேண்டும்

கேள்வி: திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். எங்கள் சரக்கை வாங்கும் லண்டன், நியூயார்க் பையர்களோடு வாராவாரம் போன் கால் உண்டு. மெயில் எல்லாம் புரிகிறது. பேச்சில் ‘டச் பேஸ்’, ‘ரெயின் செக்’ என்று வந்தால் தடுமாறிவிடுகிறேன். ஐந்நூறு இடியம் (மரபுத்தொடர்) கொண்ட புத்தகம் ஒன்றை மனப்பாடம் செய்தும் பலனில்லை. எப்படிக் கற்றுக்கொள்வது? நானும் பேச்சில் பயன்படுத்தலாமா?

பதில்:

முதலில் அந்தப் புத்தகத்தை மூடி வையுங்கள். பல புத்தகங்களில் முதல் பக்கத்திலேயே ‘ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’ இருக்கும். இன்றைக்கு லண்டனில் அடைமழை பெய்தால் ‘பக்கெட்டிங் டவுன்’ என்று சொல்பவரைப் பார்க்கலாம். பூனையையும் நாயையும் இழுப்பவர் அபூர்வம். ஆனால் பழைய தொடர்கள் இருப்பது அந்தப் புத்தகங்களின் சின்னக் குறைதான். பெரிய குறை, அவை அர்த்தத்தை மட்டும் சொல்லிவிட்டு, அந்தத் தொடரை யார் யாரிடம் எந்த நேரத்தில் சொல்லலாம் என்பதை விட்டுவிடுவது.

தமிழிலேயே பாருங்கள். ‘காலமானார்’, ‘இறந்துவிட்டார்’, ‘மண்டையைப் போட்டான்’ மூன்றுக்கும் அகராதியில் ஒரே பொருள்தான். தமிழ் கற்கும் வெளிநாட்டுக்காரர் மூன்றாவதை மனப்பாடம் செய்துகொண்டு துக்கம் விசாரிக்கப் போனால் என்ன ஆகும்? ‘கிக் த பக்கெட்’ என்பது அந்த மூன்றாவது வகை. புத்தகத்தில் அதற்கு எதிரே ‘இறத்தல்’ என்று மட்டும் இருக்கும். அதே மாதிரி ‘அண்டர் த வெதர்’ என்றால் உடம்பு சரியில்லை. ஆனால் ஜலதோஷம், தலைவலி, லேசான காய்ச்சல் அளவுக்குத்தான் பொருந்தும். பையரின் தந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும்போது அதைச் சொன்னால், நீங்கள் விஷயத்தைச் சிறிதாக நினைக்கிறீர்கள் என்று அவருக்குப் படும்.

ஆகவே இதை இரண்டு தனி வேலைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். காதில் விழுந்தால் புரிய வேண்டிய தொடர்கள் நிறைய. வாயில் வர வேண்டியவை மிகக் கொஞ்சம். இரண்டையும் ஒரே பட்டியலாகப் படித்ததுதான் உங்களைக் குழப்பியிருக்கிறது.

புரிந்துகொள்ளும் வேலையை எடுத்துக்கொள்வோம். நியூயார்க் பையர் பேசும் தொடர்களில் கணிசமானவை பேஸ்பால் ஆட்டத்திலிருந்து வந்தவை. ஆட்டம் தெரியாமல் ஒவ்வொன்றாக உருப்போடுவது வீண் சிரமம். ஒரு நாள் அரைமணி நேரம் ஒதுக்கி பேஸ்பால் விதிகளைப் பாருங்கள். கிரிக்கெட் தெரிந்த உங்களுக்கு அது ஒன்றும் கடினமில்லை. பந்து எறிபவர் பிட்சர். மட்டையாளர் ‘ஹோம் ப்ளேட்’ என்ற இடத்தின் பக்கத்தில் நிற்பார். அடிக்க முயன்று தவறவிட்டாலோ, அடிக்கக்கூடிய நல்ல பந்தை அடிக்காமல் விட்டாலோ ஒரு ‘ஸ்ட்ரைக்’. மூன்று ஸ்ட்ரைக் ஆனால் அவுட். அடித்துவிட்டால் ஓட வேண்டும். வழியில் மூன்று பேஸ்கள். ஒவ்வொன்றையும் தொட்டுக்கொண்டு ஹோம் ப்ளேட்டுக்குத் திரும்பினால் ஒரு ரன். பந்தை வேலிக்கு வெளியே பறக்கவிட்டால் ‘ஹோம் ரன்’.

இவ்வளவு தெரிந்தாலே ஒரு கொத்துத் தொடர்கள் விளங்கிவிடும். ‘லெட்ஸ் டச் பேஸ் ஆன் தர்ஸ்டே’ என்றால் வியாழக்கிழமை சுருக்கமாக ஒரு வார்த்தை பேசிக்கொள்வோம் என்பது. நீண்ட மீட்டிங் அல்ல. ஐந்து நிமிடம் போதும். ‘ஹேவ் வீ கவர்ட் ஆல் த பேசஸ்?’ என்றால் எதையும் விட்டுவிடவில்லையே என்று கேட்கிறார்: ட்ரிம் (பட்டன், ஜிப் போன்றவை), லேபிள், டெஸ்ட் ரிப்போர்ட், பேக்கிங் எல்லாம் சரிபார்த்தாயிற்றா என்று. ‘ஸ்டெப் அப் டு த ப்ளேட்’ என்றால் ஒருவர் முன்வந்து பொறுப்பை ஏற்க வேண்டும். பிட்சர் பந்தை வளைத்து எறிவது ‘கர்வ்பால்’; ‘தே த்ரூ அஸ் எ கர்வ்பால்’ என்றால் யாரோ எதிர்பாராத சிக்கலைக் கொண்டுவந்துவிட்டார்கள். ‘யூ ஹிட் இட் அவுட் ஆஃப் த பார்க்’ என்று உங்களிடம் சொன்னால் சந்தோஷப்படுங்கள், அதைவிடப் பெரிய பாராட்டு அவர்கள் பேச்சில் அதிகம் இல்லை.

‘த்ரீ ஸ்ட்ரைக்ஸ்’ என்பதை மட்டும் விளையாட்டுப் பேச்சாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கலிபோர்னியா மாநிலம் 1994இல், கடுங்குற்றம் செய்து தண்டனை பெற்ற வரலாறு உள்ளவர்களுக்கு மூன்றாவது முறை மிகக் கடுமையான தண்டனை விதிக்கும் சட்டம் கொண்டுவந்தபோது, அதற்கு மக்கள் பேச்சில் இந்தப் பெயர்தான். பையர் ‘தட்ஸ் ஸ்ட்ரைக் டூ’ என்றால் இரண்டாவது எச்சரிக்கை கொடுத்துவிட்டார். உடனே உங்கள் மேலாளரிடம் சொல்லுங்கள். ‘யூ ட்ராப்ட் த பால்’ என்பதும் அப்படித்தான். கையில் கொடுத்த பொறுப்பைக் கோட்டைவிட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். சிரித்த குரலில் சொன்னாலும் அது புகார்.

நீங்கள் கேட்ட ‘ரெயின் செக்’கும் இதே மைதானத்திலிருந்து வந்தது. 1880களில் அமெரிக்காவில் மழையால் ஆட்டம் நின்றால், பார்வையாளர்களுக்கு இன்னொரு நாள் வந்து பார்க்கச் சீட்டு கொடுத்தார்கள். அதற்குத்தான் இந்தப் பெயர். பிறகு கடைகளுக்கும் வந்தது: தள்ளுபடியில் போட்ட சரக்கு தீர்ந்துவிட்டால், சரக்கு வந்ததும் அதே விலைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு சீட்டு. ரீட்டெய்ல் ஆட்களிடம் பேசுகிற உங்களுக்கு இந்த இரண்டாவது அர்த்தமும் தெரிந்திருக்க வேண்டும். சாதாரணப் பேச்சில் ‘கேன் ஐ டேக் எ ரெயின் செக்?’ என்றால் இப்போது முடியாது, இன்னொரு நாள் பார்க்கலாம் என்று மரியாதையாக மறுப்பது. பையர் திருப்பூர் வரும்போது சாப்பிடக் கூப்பிட்டு அவர் இப்படிச் சொன்னால் கோபித்துக்கொண்டார் என்று நினைக்காதீர்கள். உடனே வேறு தேதி சொல்லி நெருக்கவும் வேண்டாம்.

‘பால்பார்க் ஃபிகர்’ பணம் சம்பந்தப்பட்டது, அதனால் கொஞ்சம் கூடுதல் கவனம். பையர் கேட்பது தோராயமான விலை. நூல் விலை, சாய விலை, குவான்டிட்டி எதுவும் முடிவாகாமல் ஒரு கணக்கு கேட்கிறார். நீங்கள் சொல்லும் எண் அவர் மனதில் தங்கிவிடும், பிறகு அதிலிருந்துதான் பேரம் பேசுவார். அதனால் ஒற்றை எண்ணாகச் சொல்லாமல் ‘இதிலிருந்து இதற்குள்’ என்று சொல்லுங்கள். இது முடிவான கொட்டேஷன் இல்லை என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுங்கள்.

லண்டன் பக்கம் வந்தால் கிரிக்கெட். இங்கே நமக்கு வசதி அதிகம், அதனாலேயே ஏமாறும் இடமும் அதிகம். ‘சிக்ஸர் அடிச்சுட்டான்’ என்றால் தமிழில் வெற்றி. பிரிட்டன்காரர் ‘ஐ வாஸ் நாக்ட் ஃபார் சிக்ஸ்’ என்றால் பேரிடி விழுந்து நிலைகுலைந்து போனேன் என்கிறார். நாம் மட்டையாளர் பக்கம் நின்று பார்க்கிறோம். அந்தத் தொடரில் அவர் அடிவாங்கிய பந்தின் இடத்தில் நிற்கிறார். தெரியாமல் ‘கங்கிராட்ஸ்’ சொல்லிவிட்டால் நிலைமை மோசம். ‘ஐ ஆம் ஸ்டம்ப்ட்’ என்றால் விடை தெரியாமல் விழிக்கிறேன். ‘பௌல்ட் ஓவர்’ என்றால் அவுட் இல்லை, சொக்கிப்போனேன்! சாம்பிளைப் பார்த்து அப்படிச் சொன்னால் ஆர்டர் கிட்டத்தட்ட உறுதி.

‘ஸ்டிக்கி விக்கெட்’ எனக்குப் பிடித்த தொடர். பிட்சை மூடி வைக்கும் வழக்கம் வராத காலத்தில், மழையில் நனைந்த பிட்ச் வெயிலில் காயத் தொடங்கும்போது பந்து எப்படி எழும்பும் என்று சொல்லவே முடியாது. பெரிய பெரிய மட்டையாளர்களே திணறினார்கள். அந்தத் திணறல்தான் இன்றைய அர்த்தம்: சிக்கலான, தப்பிப்பது கடினமான நிலை. ‘ஹேட்ரிக்’ நாம் தமிழிலேயே பேசுகிற சொல். 1858இல் ஷெஃபீல்டில் எச்.எச். ஸ்டீபன்சன் என்ற பந்துவீச்சாளர் தொடர்ந்து மூன்று பந்துகளில் மூன்று விக்கெட் எடுத்தபோது, பணம் திரட்டி அவருக்கு ஒரு தொப்பி பரிசளித்தார்கள். சொல் அங்கிருந்து வந்தது.

மட்டை ஒன்றானாலும் ஆட்டம் வேறு என்பதற்கு ஒரு ஜோடியைச் சொல்கிறேன். நியூயார்க்கில் ‘ரைட் ஆஃப் த பேட்’ என்றால் எடுத்த எடுப்பிலேயே, உடனடியாக. லண்டனில் ‘ஆஃப் ஹிஸ் ஓன் பேட்’ என்றால் யாரும் சொல்லாமல் தானாகவே முன்வந்து செய்தது. முன்னது பேஸ்பால், பின்னது கிரிக்கெட். இரண்டையும் கலந்து ஒன்றாக்கிவிடாதீர்கள்.

‘ஹி ஹேட் எ குட் இன்னிங்ஸ்’ என்பது நிறைவாக வாழ்ந்து மறைந்த முதியவரைப் பற்றி அவர் வீட்டார் சொல்வது. கல்யாணச் சாவு என்று நம் ஊரில் சொல்வதைப் போல. வீட்டார் சொன்னால் தலையசையுங்கள், நீங்களாகச் சொல்லாதீர்கள்.

பிரிட்டன்காரர்களிடம் அர்த்தத்தைவிட அளவு முக்கியம். அவர்கள் குறைத்துச் சொல்லிப் பழகியவர்கள். ‘எ பிட் ஆஃப் எ ப்ராப்ளம்’ என்றால் பெரும்பாலும் சின்னப் பிரச்சினை இல்லை. ‘க்வைட் குட்’ என்று அமெரிக்கர் சொன்னால் நன்றாகவே இருக்கிறது; பிரிட்டன்காரர் சொன்னால் பரவாயில்லை, இன்னும் சரிசெய்ய வேண்டும் என்று இருக்கலாம். ‘வித் ஆல் டியூ ரெஸ்பெக்ட்’ என்று தொடங்கினால் மறுத்துப் பேசப்போகிறார்.

இது வெறும் பேச்சு நாகரிகம் பற்றிய விஷயம் இல்லை என்பதற்கு கொரியப் போரிலிருந்து ஒரு சம்பவம் பதிவாகியிருக்கிறது. 1951 ஏப்ரலில் இம்ஜின் ஆற்றங்கரையில் பிரிட்டிஷ் படைப்பிரிவு ஒன்று மிகப் பெரிய சீனப் படையை எதிர்த்து நின்றது. நிலைமை எப்படி என்று அமெரிக்க ஜெனரல் கேட்டபோது, பிரிகேடியர் டாம் பிரோடி ‘கொஞ்சம் ஸ்டிக்கியாக இருக்கிறது’ என்ற பொருளில் பதில் சொன்னார். பிரிட்டிஷ் ராணுவ வழக்கில் அது நிலைமை படுமோசம் என்று சொல்வதற்குச் சமம். அமெரிக்கருக்கு, சிரமம்தான் ஆனாலும் சமாளித்துக்கொள்வார்கள் என்று கேட்டது. அந்தப் படைப்பிரிவைச் சேர்ந்த குளோஸ்டர்ஷயர் படையணி குன்றின்மேல் சூழப்பட்டு, பெரும்பாலானவர்கள் கைதானார்கள். தோல்விக்கு ஒரு வாக்கியம் மட்டும் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இரண்டு பக்கமும் தாய்மொழி ஆங்கிலம் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்று ‘டேபிள்’. பிரிட்டனில் ஒரு விஷயத்தை ‘டேபிள்’ செய்வது என்றால் விவாதத்துக்கு எடுப்பது. அமெரிக்காவில் அதே சொல்லுக்கு ஒத்திப்போடுவது என்று பொருள். இரண்டாம் உலகப் போரின்போது இரு நாட்டுத் தளபதிகள் கூடிய கூட்டத்தில் இந்தச் சொல்லால் நீண்ட, காரசாரமான வாக்குவாதமே நடந்தது என்று சர்ச்சில் எழுதியிருக்கிறார். இரு தரப்பும் விரும்பியது ஒன்றேதான் என்பது கடைசியில்தான் தெரிந்ததாம். லண்டன், நியூயார்க் இரண்டு பேரும் ஒரே காலில் இருந்தால் இந்தச் சொல்லை நீங்கள் தொடவே வேண்டாம்.

தமிழிலிருந்து வரும் குழப்பங்களும் உண்டு. ‘காலை வாரிவிட்டான்’ என்றால் நமக்குத் துரோகம். ‘ஆர் யூ புல்லிங் மை லெக்?’ என்று பையர் கேட்டால் விளையாட்டுக்குச் சொல்கிறாயா, கிண்டல் செய்கிறாயா என்பது மட்டுமே, சண்டைக்கு வரவில்லை. அதே நேரம் சில தொடர்களுக்கு நம்மிடம் அச்சான ஜோடி இருக்கிறது. அவற்றை ஜோடியாகவே நினைவில் வையுங்கள். ‘ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்’ என்பதற்கு அத்தி பூத்தாற்போல். நிலக்கரிக்குப் பேர்போன ஊர் நியூகாசில். ‘கேரியிங் கோல்ஸ் டு நியூகாசில்’ என்பது கொல்லன் தெருவில் ஊசி விற்பது. இப்படிப் பிடித்துக்கொண்டால் அர்த்தத்தோடு தொனியும் சேர்ந்தே வந்துவிடும். பட்டியல் தராத உதவியை உங்கள் தாய்மொழி தரும்.

நாம் ஆங்கிலம் என்று நினைத்துப் பேசுகிற இந்திய வழக்குகளையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ‘ஐ பாஸ்ட் அவுட் இன் 2015’ என்றால் லண்டனில் மயங்கி விழுந்தேன் என்று புரியும். ‘ஐ கிராஜுவேட்டட்’ என்று சொல்லுங்கள். ‘அவுட் ஆஃப் ஸ்டேஷன்’ பலருக்கும் விளங்காது. ‘ஐ வில் ரிவர்ட்’ என்றால் பதில் சொல்கிறேன் என்று நமக்கு. அங்கே பழைய நிலைக்குத் திரும்புவது என்றே முதலில் தோன்றும். ‘டூ த நீட்ஃபுல்’ தப்பில்லை, பழைய ஆங்கிலம். ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று நேராகச் சொன்னால் வேலை சீக்கிரம் நடக்கும்.

சில தொடர்களுக்குப் பின்னால் மனிதர்கள் பட்ட வேதனை இருக்கிறது. அவற்றைப் புரிந்துகொள்ளுங்கள், பேச வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ‘சோல்ட் டவுன் த ரிவர்’ என்றால் துரோகம் செய்யப்படுவது. அது மிசிசிப்பி ஆற்றின் கீழ்ப்பகுதித் தோட்டங்களுக்கு அடிமை மனிதர்களை விற்ற காலத்திலிருந்து வந்தது. பழைய வாடிக்கையாளருக்குப் பழைய விலையே தொடரும் என்பதற்கு அமெரிக்க அலுவலகங்களில் ‘கிராண்ட்ஃபாதர்ட் இன்’ என்பார்கள். தாத்தாவுக்கு ஓட்டுரிமை இருந்திருந்தால் பேரனுக்கும் உண்டு என்ற சட்டங்களின் மிச்சம் அது. அடிமைகளின் பேரப்பிள்ளைகளை ஓட்டுப்போடவிடாமல் தடுக்கவே அவை எழுதப்பட்டன. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1915இல் அவற்றைச் செல்லாது என்றது. ‘பரையா’ என்று ஒதுக்கப்பட்டவரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் நம் மண்ணின் ஒரு சமூகத்தின் பெயரிலிருந்து எடுக்கப்பட்டது. ஆங்கிலச் செய்தித்தாள்கள் இன்னும் எழுதுகின்றன. தமிழர் வாயில் அது வரக்கூடாது. ‘அவுட்காஸ்ட்’, ‘ஐசொலேட்டட்’ என்று எத்தனையோ வேறு சொற்கள் இருக்கின்றன.

சரி, நீங்கள் எதைப் பேசலாம்? தயங்காமல் பேசக்கூடியவை சில. ‘கீப் மீ இன் த லூப்’ – எனக்கும் தகவல் தெரிவித்துக்கொண்டிருங்கள். ‘ஜஸ்ட் எ ஹெட்ஸ்-அப்’ – முன்கூட்டியே ஒரு தகவல். தாமதமாகும் என்று தெரிந்தவுடன் மெயில் போட இதைவிடப் பொருத்தமான தொடக்கம் இல்லை. ‘ஆர் வீ ஆன் த சேம் பேஜ்?’ – இருவரும் ஒரே மாதிரிதான் புரிந்துகொண்டிருக்கிறோமா? ‘ஃபிங்கர்ஸ் க்ராஸ்ட்’ – நல்லபடியாக நடக்கட்டும். ‘பேக் டு ஸ்கொயர் ஒன்’ – முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. இவை பெரியவர், சின்னவர், லண்டன், நியூயார்க் எல்லாருக்கும் பொருந்தும், யாரையும் புண்படுத்தாது. ‘த பால் இஸ் இன் யுவர் கோர்ட்’ என்பதில் மட்டும் சற்று நிதானம். இனி முடிவு உங்கள் கையில் என்று பொருள் என்றாலும், பையரிடம் சொல்லும்போது நான் என் வேலையை முடித்துவிட்டேன், தாமதம் உன்னால்தான் என்ற குத்தல் அதில் ஒட்டிக்கொள்ளும்.

பேசும்போது சொல்லை மாற்றாதீர்கள். ‘ஸ்பில் த பீன்ஸ்’ என்றால் ரகசியத்தை உளறுவது. ‘பீன்’ என்று ஒருமையாக்கினாலோ அவரைக்குப் பதில் துவரை போட்டாலோ ரகசியம் போய் பயறுதான் மிஞ்சும். ஒவ்வொரு தொடருக்கும் ஒவ்வோர் அளவு நெகிழ்வு உண்டு. ‘த பீன்ஸ் வேர் ஸ்பில்ட்’ என்று செயப்பாட்டு வினையாக்கினாலும் ரகசியம் வெளியானதாகவே பொருள். ‘த பக்கெட் வாஸ் கிக்ட்’ என்றால் யாரோ நிஜமாகவே வாளியை உதைத்தார்கள். இதற்கெல்லாம் விதி படித்துக்கொண்டிருக்க வேண்டாம். எந்த வடிவத்தில் கேட்டீர்களோ அதே வடிவத்தில் சொல்லுங்கள். ஒரு தொடரைக் குறைந்தது இரண்டு வெவ்வேறு ஆட்கள் வாயிலிருந்து கேட்ட பிறகே உங்கள் பேச்சில் சேர்ப்பது நல்லது.

அகராதிக்கு கேம்பிரிட்ஜ், லாங்மேன், ஆக்ஸ்ஃபோர்டு நிறுவனங்களின் கற்போர் அகராதிகளை இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். பிரிட்டிஷ் வழக்கா, அமெரிக்க வழக்கா, பழையதா, நண்பர்களிடம் மட்டும் பேசுவதா என்ற குறிப்பை அவற்றில் தருகிறார்கள். அர்த்தத்தைப் பார்க்கும் முன் அந்தக் குறிப்பைப் படியுங்கள். காதுப் பழக்கத்துக்கு பிபிசி லேர்னிங் இங்கிலிஷ் சிறு சிறு ஒலிப் பாடங்களாக நிறைய வைத்திருக்கிறது. பஸ்ஸில் போகும்போதே கேட்டுவிடலாம்.

காலில் இருக்கும்போது புரியாவிட்டால் கேட்டுவிடுங்கள். ‘வாட் டஸ் தட் மீன்?’ என்று மொட்டையாகக் கேட்பதைவிட, ‘ஜஸ்ட் டு பீ ஷ்யூர், டூ யூ மீன்…’ என்று தொடங்கி நீங்கள் புரிந்துகொண்டதைச் சொல்லிக் கேட்பது நல்லது. கவனமாக வேலை செய்கிற ஆள் என்றுதான் நினைப்பார்கள். யாராவது ‘லெட்ஸ் டேக் திஸ் ஆஃப்லைன்’ என்றால் இணையத்தைத் துண்டிக்கச் சொல்லவில்லை; இந்த விஷயத்தை மீட்டிங் முடிந்து சம்பந்தப்பட்டவர்கள் மட்டும் பேசுவோம் என்கிறார். அங்கேயே தொடர்ந்து விளக்காதீர்கள்.

கால் முடிந்தவுடன் மெயில் ஒன்று. அதில் மரபுத்தொடர் எதுவும் வேண்டாம். விலை, பீஸ் எண்ணிக்கை, ஷிப்மெண்ட் தேதி எல்லாம் எண்ணாகவும் நாளாகவும் இருக்கட்டும். ‘நெக்ஸ்ட் டியூஸ்டே’ என்றுகூட எழுதாதீர்கள். அது வருகிற செவ்வாயா, அதற்கடுத்ததா என்பதில் ஆங்கிலேயர்களுக்குள்ளேயே ஒருமித்த வழக்கம் இல்லை. மாதத்தின் பெயரை எழுத்தில் எழுதித் தேதியைப் போடுங்கள், ஏனென்றால் 5/6 என்பது லண்டனுக்கு ஜூன் ஐந்து, நியூயார்க்குக்கு மே ஆறு.

இனி வரும் கால்களில் புரியாத தொடர் வந்தால், அந்தத் தொடரை மட்டும் குறிக்காமல் முழு வாக்கியத்தையும் எழுதிவையுங்கள். சொன்னது யார், நீங்கள் எதைக் கேட்டதற்கு அப்படிச் சொன்னார் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். அதோடு கேட்டால், என்னால் இன்னும் சரியாகச் சொல்ல முடியும்.